ஆமா, இல்லை, பரிசீலனையில் உள்ளது

அந்த வட்டாட்சியர் அலுவலகம் எந்த ஊரில் இருக்கிறது என்று இங்கே சொல்வதற்கில்லை. மருதையனுக்கு அங்கே இன்னும் ஒரு மனு நிலுவையில் இருக்கிறது. தஞ்சாவூருக்குக் கிழக்கே, ஆற்றுப்பாலம் தாண்டி, இடது கைப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் போதும். அந்த மாதிரிக் கட்டடம் எல்லா ஊரிலும் ஒன்று நிற்கிறது.

மருதையனுக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். மூணு மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், அவன் பேரில் இருக்கிறது என்று கணினி அச்சடித்துத் தர வேண்டும். நிலம் உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த உபரி நிலம். ரெண்டு ஆட்சிக்கு முன்னால் ஒரு மேடையில் வைத்து மருதையன் கையில் பட்டாவைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். நிலத்தை மேடையில் ஏற்ற முடியாததால் அது பண்ணையிடமே இருந்துவிட்டது. அடுத்த ஆட்சியில் அந்தப் பட்டாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு படம் போட்ட பட்டா கொடுத்தார்கள். அதற்கும் போட்டோ உண்டு. நிலத்தில் பண்ணை மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

இந்த வருஷம் மருதையன் துணிந்து மச்சான் வயலின் மூலையில் சம்பாவுக்கு நாற்று விட்டுவிட்டான். நடவு நெருங்கும்போது நிலத்தை உழுது சேறும் அடித்தான். உடனே பண்ணை ஏஜெண்ட் நடராசன் வரப்பில் குடையோடு வந்து நின்றார்.

"மருதையா, அந்த மஞ்சக் காகிதமெல்லாம் இனிமே செல்லாது. கம்ப்யூட்டர் வந்தாச்சு. கம்ப்யூட்டர் சிட்டா கொண்டா, நானே முதல் நாத்து எடுத்துக் குடுக்கறேன்."

விவகாரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. நடவு காலம் வந்தால் அந்தப் பக்கத்து ஸ்டேஷனில் வேனுக்கு டீசல் போட்டுத் தயாராக வைத்துவிடுவார்கள். சப் இன்ஸ்பெக்டர் தீர்ப்புச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு வயலுக்கு வரேன். கம்ப்யூட்டர் காகிதம் யார் கையில இருக்கோ அவன் இறங்கலாம். ரெண்டு பேர் கையிலயும் இல்லன்னா நிலம் இருக்கறபடியே இருக்கட்டும்."

இருக்கிறபடி என்றால் பண்ணை மாடு மேயலாம் என்று அர்த்தம். நாற்றுக்கு இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. முப்பது தாண்டினால் முற்றிக் கணு விட்டுவிடும். பிறகு அதுவும் அந்த மாட்டுக்குத்தான்.

திங்கட்கிழமை காலையில் மருதையன் மனுவோடு போனான். கணினி நடைக்கூடத்தில் ஒரு மேசை மேல் இருந்தது. பெட்டிக்கு ஒன்று, திரைக்கு ஒன்று, அச்சடிக்கும் மிஷினுக்கு ஒன்று என்று மூன்று பச்சை வெல்வெட் உறை. திரை உறையில் மட்டும் கண்ணாடி தெரிகிற அளவுக்குச் சன்னல் வெட்டித் தைத்திருந்தார்கள். போன வாரம் ஆயுத பூசைக்குப் போட்ட மாலையும் சந்தனமும் அப்படியே இருந்தன. எதிரே கமருன்னிஸா உட்கார்ந்திருந்தாள். மல்லிப்பட்டினத்துப் பெண், அந்த அலுவலகத்தில் கணினியைத் தொடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தொட அதிகாரம் இல்லாதவளும் அவள் ஒருத்திதான்.

"பேரு சொல்லுங்கண்ணே."

"மருதையன்."

பாதிப் பேர் அடிப்பதற்குள் திரை கறுத்து, வெள்ளை வெள்ளையாக இங்கிலீஷ் எழுத்து வந்து நின்றது.

"என்ன தங்கச்சி, என் பேரு புடிக்கலையா?"

"அதில்லண்ணே. உடம்புக்கு என்னமோ பண்ணுதுன்னு தன்னைத் தானே பரிசோதனை பண்ணிக்குதாம். அதுக்குன்னு ஒரு புரோகிராம் உள்ளயே இருக்கு. அஞ்சு கேள்வி கேக்கும். ஆமான்னா ஒய், இல்லன்னா என். பதில் சொல்லி முடிச்சா என்ன கோளாறுன்னு அதுவே சொல்லிடும். அஞ்சு நிமிஷ வேலை." அவள் விரல் ஒய் எழுத்துக்கு மேலே போனது.

"கைய எடும்மா."

பின்னால் தலைமை எழுத்தர் கோவிந்தராசு நின்றிருந்தார்.

"யாரைக் கேட்டு ஆமான்னு சொல்லப் போற?"

"கரண்டு வருதான்னு கேக்குது சார். வருதே."

"கரண்டு வர்றது வேற, வருதுன்னு இந்த ஆபீஸ் சொல்றது வேற. முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல நான் எந்தக் காகிதத்துலயும் ஆமான்னு எழுதினதில்ல. இல்லன்னும் எழுதினதில்ல. அதனாலதான் முப்பத்தோரு வருஷம் ஆச்சு. பரிசீலனையில் உள்ளதுன்னு அடி."

"அதுக்கு இடமில்ல சார். ஒரு எழுத்துதான் வாங்கும்."

கோவிந்தராசு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு எழுத்துல ஒரு ஆபீஸ் எப்படிம்மா பதில் சொல்லும்?" என்றார். அதில் உண்மையான வருத்தம் இருந்தது.

விஷயம் வட்டாட்சியர் சாரங்கபாணியிடம் போனது. புரட்டாசி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தார். கதவு திறந்தபோது ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு குளிர் மருதையன் முழங்காலில் வந்து மோதியது.

"கோவிந்தராசு, நம்ம துறையில கேள்வி கேக்கறவன் மேலதிகாரி, பதில் சொல்றவன் கீழதிகாரி. இது கேள்வி கேக்குது. நாம பதில் சொல்லிட்டா இந்தப் பெட்டிக்கு நாம கீழன்னு ஆயிடும். நாளைக்கு இது எனக்கு மெமோ குடுக்கும். இது யாரோட மனுவுல நின்னுது?"

எல்லாரும் திரும்பி மருதையனைப் பார்த்தார்கள்.

"அப்புறம் என்ன? பொதுமக்கள் இருக்காரே. ஆமா, இல்லன்னு தைரியமாச் சொல்றது அவங்களாலதான் முடியும். அவங்களுக்கு இன்கிரிமெண்ட் கிடையாது, பென்ஷன் கிடையாது, டிரான்ஸ்பர் கிடையாது. குடுத்து வச்சவங்க. எழுதப் படிக்கத் தெரியுமாய்யா?"

"தெரியுங்கய்யா. நாப்பத்தி ரெண்டு வயசுல அறிவொளி கிளாஸ்ல கத்துக்கிட்டேன்."

"நல்லதாப் போச்சு. கைநாட்டா இருந்தா சாட்சிக்கு ரெண்டு பேரைத் தேடணும்."

கோப்பு ஒன்று திறக்கப்பட்டது. பொருள்: கணினி, கேள்வி கேட்டது, மனுதாரரின் பதில் கோருதல், தொடர்பாக. கேள்விகள் இங்கிலீஷில் இருந்ததால் ஆட்சிமொழிச் சட்டப்படி முதலில் தமிழில் பெயர்க்க வேண்டும் என்று வட்டாட்சியர் குறிப்பு எழுதினார். அஞ்சு கேள்வியையும் கமருன்னிஸா கணினியோடு வந்த குறிப்பேட்டைப் பார்த்து அப்போதே தமிழில் சொல்லிவிட்டாள். சொன்னதை எழுத, எழுதியதைச் சரிபார்க்க, சரிபார்த்ததற்குக் கையெழுத்து வாங்க, திங்கட்கிழமை தீர்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பெஞ்சில் உட்கார வைத்து மருதையன் கையில் தாளைக் கொடுத்தார்கள்.

*வினா 1: கணினிக்கு மின்சாரம் வருகிறதா?*

மருதையன் பேனாவை இறுக்கிப் பிடித்து, 'ஆமா' என்று எழுதினான். அரசாங்கத்துக்கு அவன் எழுதிய முதல் பதில் அது. ஆ-வுக்குச் சுழி நன்றாக வந்திருந்தது.

"ஆதாரம்?" என்றார் கோவிந்தராசு.

"வருதுங்களே ஐயா. அதனாலதானே அது கேக்குது."

"நீ கண்ணால பாத்தது பார்வை. ஆதாரம்னா காகிதம். வி.ஏ.ஓ. சான்று வாங்கிட்டு வா."

மருதையன் தன் ஊர் வி.ஏ.ஓ.வைத் தேடிப் போனான். "கம்ப்யூட்டர் என் கிராம எல்லைக்குள்ள இல்லையேய்யா" என்று அவர் சொல்லிவிட்டார். நியாயம்தான். அலுவலகம் இருக்கிற ஊரின் வி.ஏ.ஓ. ஒரு காதுகுத்தில் இருந்தார். மருதையன் பந்தியில் அவருக்குப் பின்னால் நின்றான். அவர் பாயசம் முடித்து, வெற்றிலை போட்டு, மூன்றரை மணிக்கு எழுதிக் கொடுத்தார்: 'மேற்படி அலுவலகத்தில் மின்சாரம் வருவது அக்கம்பக்கத்தில் விசாரித்த வகையில் உண்மை என்று தெரிய வருகிறது.' அதை இணைத்து, பக்க எண் போட்டு, மூன்று மேசை தாண்டி வந்ததும் கமருன்னிஸா ஒய் எழுத்தைத் தட்டினாள். இரண்டாம் கேள்வி வந்தது. மணி ஐந்தே முக்கால் ஆகியிருந்தது. மின் சிக்கனச் சுற்றறிக்கைப்படி பியூன் மெயின் சுவிட்சை இறக்கினார்.

புதன்கிழமை காலையில் மெயினைப் போட்டதும் கணினி மறுபடி கேட்டது: மின்சாரம் வருகிறதா?

"அதான் நேத்தே சொல்லியாச்சுங்களே."

"நேத்து சான்று நேத்தோட. இன்னிக்கு வருதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் கோவிந்தராசு.

வி.ஏ.ஓ. விவரமானவர். இந்தத் தடவை தேதி போடாமல் நாலு சான்று எழுதிக் கொடுத்தார். "விசேஷத்துக்கு வேற இடத்துல தேடாத, வீட்டுக்கே வா" என்று அன்பாகவும் சொன்னார்.

*வினா 2: திரையில் எழுத்துகள் தெரிகின்றனவா?*

"எழுத்து தெரியுதுங்கய்யா. என்ன எழுத்துன்னுதான் தெரியல."

இது ஆமாவா இல்லையா என்று டீ வரும்வரை பேசினார்கள். டீ வந்த பிறகும் பேசினார்கள். 'மனுதாரரைப் பொறுத்தவரை ஆமா' என்று முடிவானது.

*வினா 3: இக்கணினி இதற்கு முன் சரியாக இயங்கியதா?*

மருதையனுக்குத் தெரிந்து அது திறப்பு விழாவில் மட்டும் ஓடியது. அன்றைக்கும் ஓடியது கணினியா, பக்கத்தில் வைத்திருந்த டேபிள் ஃபேனா என்று கூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை. அதைச் சொன்னான். வட்டாட்சியர் மப்ளரை இறுக்கிக்கொண்டார்.

"இல்லன்னு எழுதினா திறந்து வச்சவரைக் கேவலப்படுத்தின மாதிரி ஆகும். கல்வெட்டே இருக்கு. ஆமான்னு எழுதினா, நல்லா இருந்ததைக் கெடுத்தது யாருன்னு கேள்வி வரும். யோசிச்சு எழுதுய்யா. என்னைப் பாத்து எழுதாத, நான் எதுவும் சொல்லல."

மருதையன், 'திறந்த அன்னைக்கு ஆமா' என்று எழுதினான். கோவிந்தராசு அந்த வரியை ரெண்டு தரம் வாசித்தார். "இவன் நம்ம ஆபீஸுக்கே வந்திருக்க வேண்டியவன்" என்று மெதுவாகச் சொன்னார்.

*வினா 4: அண்மையில் புதிதாக ஏதேனும் சேர்க்கப்பட்டதா?*

'ஆமா. உறை மூணு. மாலை ஒண்ணு. சந்தனம்.' சந்தனம் நிரந்தரச் சொத்தா, கரையும் பொருளா என்று பதிவேட்டில் ஏற்றுவதற்குள் ஐந்தே முக்கால் ஆகிவிட்டது.

அன்று பொழுது இறங்கும் நேரத்தில் நாற்றங்கால் ஓரம் மருதையன் மனைவி அம்சம் நின்றுகொண்டிருந்தாள். நாற்று கரும்பச்சையாக, முழங்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இருபத்தெட்டு நாளாச்சு. எங்க நிக்குது உங்க வேலை?" என்றாள் அவள்.

"நாலாவது கேள்வி."

"நாலு கேள்விக்கு மூணு நாளா? அறிவொளில என்னத்ததான் கத்துக் குடுத்தாங்க?"

"எனக்குப் பதில் தெரியுது அம்சம். அவங்களுக்குத்தான் அதை வாங்கிக்கத் தெரியல."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை விடிய நான் நாத்துப் பறிச்சு முடி கட்டி வரப்புல வச்சிருவேன். ஏழு பொம்பளைக்குச் சொல்லியாச்சு. காகிதம் வந்தாலும் சரி, வேன் வந்தாலும் சரி."

பறித்த நாற்று ரெண்டு நாள்கூடத் தாங்காது. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

வியாழக்கிழமை முதல் நாலு கேள்விக்கும் 'மேற்படி, மேற்படி' என்று பதில் போட்டே பகல் ஒன்றரை ஆனது. பிறகு ஐந்தாவது வந்தது.

*வினா 5: கணினி அதிகமாகச் சூடாகியுள்ளது. கணினி வைக்கப்பட்டுள்ள அறை குளிரூட்டப்பட்டதா?*

இதற்கும் சேர்த்துத் திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டவர்கள் இப்போதுதான் அதைப் படித்தார்கள். வட்டாட்சியர் அறைக் கதவுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கணினிக்கென்று கணினியோடு சேர்ந்தே லாரியில் வந்திறங்கிய ஏ.சி. அது.

சாரங்கபாணி பியூனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அரைமணி நேரத்தில் பெயிண்டர் வந்தார். வட்டாட்சியர் அறைக் கதவுக்கு மேலே 'கணினி அறை' என்று நீலத்தில் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டுவிட்டுப் போனார். சாரங்கபாணி அதற்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

"பாத்தியா மருதையா? கணினி அறை. உள்ள குளுகுளுன்னு இருக்கு. ஆமான்னு எழுது" என்றார் கோவிந்தராசு.

"கணினி வெளில இருக்குங்களே ஐயா."

"கேள்வி அறையைப் பத்திதான்யா. ஆமான்னு எழுதினா உன் மனு நகரும். இல்லன்னு எழுதினா ஐயா மேலிடத்துக்குப் பதில் சொல்ற மாதிரி ஆகும். நாளைக்கு உனக்கு இதே ஆபீஸ்லதான் வேலை இருக்கு. யோசி."

மருதையன் யோசித்தான். பெட்டியின் வெல்வெட்டைத் தொட்டுப் பார்த்தான். காய்ச்சல் அடிக்கிற மாட்டு முதுகு மாதிரி கொதித்தது. தீனி எடுக்காத மாட்டைக் கொண்டுபோய் நன்றாகத் தின்கிறது என்று டாக்டரிடம் சொன்னால், அவர் ஊசியை வேறு எதற்கோ போட்டுவிடுவார். கேட்கிறது பெட்டி, கோவிந்தராசு அல்ல. நாளைக்குப் பத்து மணிக்குள் பெட்டி பிழைக்க வேண்டும்.

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

கோவிந்தராசு தாளை நெருப்புத் தணலைப் போல நுனியில் பிடித்து உள்ளே கொண்டுபோனார். சாரங்கபாணி வெளியே ஓடி வந்தார்.

"இந்த இல்லை எங்க போகும்? சென்னைக்கா? டெல்லிக்கா?"

"எங்கயும் போகாது சார். இந்தப் பெட்டிக்குள்ளேயே கேட்டுட்டு இதுக்குள்ளேயே மறந்துடும்" என்றாள் கமருன்னிஸா.

"இதை முதல் நாளே சொல்றதுக்கென்ன?"

"யாரும் கேக்கல சார்."

வட்டாட்சியர் நிமிர்ந்தார். "பெட்டிக்குள்ள மறந்துடும்னா நாம எதுக்குப் பயப்படணும்? அரசு எப்பவும் வெளிப்படையாத்தான் இருக்கும். அடிம்மா."

கமருன்னிஸா 'என்' எழுத்தைத் தட்டினாள். உறைகளை எடு, ஒரு மணி நேரம் ஆறவிடு என்று பெட்டி சொன்னது. மூன்று உறையையும் கழற்றினார்கள். மருதையன் துண்டால் விசிறினான். நாலு நாளில் அந்த அலுவலகத்தில் நடந்த முதல் வேலை அது. நாலே முக்காலுக்குக் கணினி எழுந்து, எல்லாம் சரியா என்று பார்ப்பதற்காக அச்சு மிஷினைக் கரகரவென்று ஓட்டி ஒரு சோதனைத் தாளை வெளியே தள்ளியது. ஏ முதல் இசட் வரை எழுத்து, வரி வரியாகப் பூச்சியம் முதல் ஒன்பது வரை எண், நட்சத்திரம், கோடு, கட்டம்.

"இப்ப உங்க பேரைப் பாக்கலாண்ணே." அவள் அடித்தாள். இன்னொரு தடவையும் அடித்துப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "அண்ணே, உங்க ஊர்க் கணக்கை இன்னும் இதுல ஏத்தவே இல்லண்ணே. அகர வரிசைல ஏத்திக்கிட்டு வராங்க. இப்ப 'க'வுல நிக்குது."

மருதையன் ஊர் வடக்குவெளி.

அவன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். ஏழு பெண்களுக்கு என்ன சொல்வது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தான்.

உள்ளே டெலிபோன் அடித்தது. மறுநாள் மாவட்டத்தில் ஆய்வுக் கூட்டம். 'இதுவரை வழங்கப்பட்ட கணினி அச்சுகள்' என்ற கட்டம் அஞ்சு மாசமாகக் காலியாக இருப்பது ஏன் என்று யாரோ கேட்டார்கள். சாரங்கபாணி வெளியே வந்தபோது அவர் கண் நேராக அச்சு மிஷினில் தொங்கிய தாளுக்குப் போனது.

"இது என்ன?"

"சோதனைத் தாள் சார். அதுல ஒண்ணுமில்ல."

"கணினில அச்சானதா இல்லையா? மனுதாரர் எதிர்ல உக்காந்திருக்காரா இல்லையா? அப்புறம் ஒண்ணுமில்லன்னா என்ன அர்த்தம்?"

பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். வட்ட முத்திரை குத்தினார். கோவிந்தராசு கீழே, 'மனுதாரர் வடக்குவெளி மருதையன் என்பவருக்கு வழங்கப்பட்டது' என்று எழுதிப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். கட்டத்தில் ஒன்று என்று ஏறியது.

"ஐயா, இதுல நிலத்தைப் பத்தி எதுவுமில்லீங்களே."

"மருதையா, அஞ்சு மாசத்துல இந்த வட்டத்துல கம்ப்யூட்டர் காகிதம் வாங்கின ஒரே ஆள் நீதான். வாங்கிட்டுக் குறை சொல்லாத."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வேன் வந்தது. நடராசன் குடையோடு நின்றார். வரப்பெல்லாம் நாற்று முடி. அம்சமும் ஏழு பெண்களும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார்கள். சப் இன்ஸ்பெக்டர் கை நீட்டினார். மருதையன் தாளைக் கொடுத்தான்.

அவர் முத்திரையைப் பார்த்தார். பச்சை மையைப் பார்த்தார். இரண்டு ஓரத்திலும் வரிசையாக இருந்த ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். தாளை ஒருமுறை தலைகீழாகத் திருப்பி மறுபடி நேராக்கினார்.

"என்னங்க போட்டிருக்கு?" என்றார் நடராசன்.

"பாத்தாத் தெரியல? எல்லாம் விவரமாத்தான் இருக்கு. எழுத்து இருக்கு, சர்வே நம்பர் இருக்கு, கட்டம் போட்டு எல்லை காட்டியிருக்கு."

"நிலம் ஒரே சர்வே நம்பர்தானுங்களே. இதுல ஏழெட்டு வரிக்கு நம்பரா ஓடுதே?"

"சுத்தி இருக்கறதும் சேர்ந்து வந்திருக்கும். கம்ப்யூட்டர் மனுஷன் மாதிரி ஒண்ணு ரெண்டோட நிறுத்தாது. இன்னும் தோண்டிக் கேட்டீங்கன்னா உங்க பண்ணை நம்பரும் இதுல எங்கயாவது இருக்கப் போகுது. பாக்கவா?"

நடராசன் குடையை மடக்கினார். "வேணாங்க" என்றார்.

"ஏன்யா மருதையா, இது எப்படி வாங்கின?" என்று கேட்டார் சப் இன்ஸ்பெக்டர்.

"நாலு நாள் கேள்விக்குப் பதில் சொல்லி வாங்கினதுங்கய்யா."

"அதான பாத்தேன். அவ்வளவு சுலபமாக் குடுத்துருவாங்களா?" சப் இன்ஸ்பெக்டர் தாளைப் பக்குவமாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் மடித்து முடிப்பதற்குள் அம்சம் சேற்றில் இறங்கிவிட்டாள். பின்னாலேயே ஏழு பேரும் இறங்கினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மூணு மாவும் நட்டு முடிந்தது.

மறு வாரம் நடராசன் பண்ணை நிலம் முழுவதற்கும் அதே மாதிரிக் காகிதம் வேண்டும் என்று மனுவோடு வட்டாட்சியர் அலுவலகம் போனார். கமருன்னிஸா பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த மாதிரித் தாள் சும்மா வராது சார். மிஷின் கெட்டுப்போய், தன்னைத் தானே பரிசோதிச்சுக்கிட்டாத்தான் வரும். இப்ப நல்லா ஓடுது."

"எப்பம்மா கெட்டுப்போகும்?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரமில்ல சார். வந்து வந்து பாத்துக்கிட்டிருங்க."

மருதையன் வயலில் ரெண்டாம் களை எடுத்தாகிவிட்டது. பயிர் தூர் கட்டி, வரப்பிலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியவில்லை. நடராசன் இன்னமும் தினம் பத்தரை மணிக்குக் குடையோடு வந்து, கணினிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார். நன்றாக இருக்கிறது என்றதும் முகம் வாடித் திரும்பிப் போகிறார்.